ஆண்டவர் முன் அமர்ந்திருக்கக் கற்றுக்கொள்வது எப்படி? பெங்களூரு தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஆராதனைக்குக் குறைவே இல்லை. செப்டம்பர் 8 நெருங்கினால் சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவைச் சுற்றி காவிப் புடவையும் தேரும் கூட்டமுமாக அந்த வட்டாரமே மாறிவிடும். விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமை நிற்க இடம் கிடைப்பது கஷ்டம். அல்சூர், மர்பி டவுன், லிங்கராஜபுரம் பக்கம் ஞாயிறு காலையில் நடந்தால் ஒரு தெருவில் கீர்த்தனை, அடுத்த தெருவில் டிரம்ஸ், அதற்கடுத்த மாடியில் உபவாச ஜெபம் என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். இவ்வளவு இருந்தும், "வீட்டில் பத்து நிமிஷம் ஆண்டவர் முன்னால் அமைதியாக உட்கார முடியவில்லை, எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை" என்று ஜெபக்குழுவில் கேட்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் (சிஎஸ்ஐ) சேர்ந்தவன். மனைவி வீட்டார் கத்தோலிக்கர். அதனால் இரண்டு பக்கத்து வழக்கமும் இதில் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன அழுத்தத்தைக் குறைக்கிற பயிற்சி என்று நினைத்து இதைத் தொடங்கினால் சீக்கிரமே விட்டுவிடுவீர்கள். கம்பெனிகளில் நடத்துகிற மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு அதற்குரிய பயன் உண்டு, ஆனால் அது வேறு. இங்கே நாம் ஒருவருக்கு முன்னால் போய் நிற்கிறோம். யார் முன்னால் நிற்கிறோம் என்ற நினைவு முதலில் வர வேண்டும். அந்த நினைவு வந்தால் உடம்பு அடங்கும், அப்புறம் நாக்கு அடங்கும், மனசு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். பலர் மனசிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், அதனால்தான் சோர்ந்துபோகிறார்கள். கீழே உள்ள படிகளை நான் வைத்திருக்கும் வரிசைக்குக் காரணம் இதுதான்.

முதல் படி: யார் முன்னால் என்று தெரிந்துகொள்வது

முதல் வாரம் மௌனமாக உட்காரவே முயற்சி செய்ய வேண்டாம். நாளுக்கு ஒரு வேதபகுதியை மட்டும், வாய்விட்டு, மெதுவாகப் படியுங்கள். நான் சொல்கிற ஏழு: யாத்திராகமம் 3:1-6, 1 சாமுவேல் 3:1-10, 1 இராஜாக்கள் 19:1-18, சங்கீதம் 46, ஏசாயா 6:1-8, மாற்கு 4:35-41, வெளிப்படுத்தல் 1:9-18. ஏழிலும் ஒரு மனிதனோ ஒரு கூட்டமோ தேவனுக்கு முன்னால் வந்து நிற்கிறது. என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

எரிகிற முட்செடிக்கு முன்னால் மோசே பாதரட்சையைக் கழற்றுகிறான், முகத்தை மூடிக்கொள்கிறான். ஆனால் அதற்கு முன்பே அவனை "மோசே, மோசே" என்று இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாகிவிட்டது. ஏசாயா தேவாலயத்தில் கர்த்தரைக் கண்டதும் "ஐயோ! அதமானேன்" என்கிறான், தன் உதடுகள் அசுத்தமானவை என்று அலறுகிறான். சேராபீன் ஒரு நெருப்புத் தழலைக் கொண்டுவந்து தொடுவதும் அதே உதடுகளைத்தான். பயம் இருக்கிறது, ஆனால் விரட்டுகிற பயம் இல்லை. எபிரெயர் நிருபம் ஓரிடத்தில் தைரியமாய்க் கிருபாசனத்தண்டைக்கு வரச் சொல்கிறது (4:16), இன்னோரிடத்தில் பயத்தோடும் பக்தியோடும் ஆராதனை செய்யச் சொல்கிறது (12:28). ஒரே நிருபம்தான். நம் சபைகளில் சிலர் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு ஆண்டவரைத் தோள்மேல் கைபோடும் சிநேகிதனாக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை நடுங்கவைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் பக்தி.

சங்கீதம் 46-ஐ நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற வசனம் காலண்டரிலும் சுவரிலும் மலைப் படத்தோடு தொங்குகிறது. ஆனால் அந்தச் சங்கீதத்தில் மலைகள் சமுத்திரத்தில் சாய்கின்றன, ஜாதிகள் கொந்தளிக்கின்றன. தேவன் வில்லை ஒடித்து, ஈட்டியை முறித்து, இரதங்களைச் சுட்டெரிக்கிறார். அத்தனை இரைச்சலுக்கும் நடுவில்தான் அமர்ந்திருக்கச் சொல்கிறார். சூழ்நிலை அமைதியான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்கிறவர்களுக்கு இந்தச் சங்கீதம் இடம் கொடுக்கவில்லை. நிலம் வாங்கிய வழக்கு முடியட்டும், பிள்ளைக்கு அட்மிஷன் கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நாம் தள்ளிப்போடுவதெல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னதும் அவர்தான். மூன்று பேர் தங்குகிற பிஜி (பேயிங் கெஸ்ட்) அறையில் இருக்கிறவருக்கும், ஒரே அறை வாடகை வீட்டில் ஐந்து பேராக இருக்கிறவர்களுக்கும் பூட்டுவதற்குக் கதவு ஏது? இதைப் பற்றித்தான் எங்கள் குழுவில் அதிகம் பேசுவோம். நடைமுறையில் உதவுகிற சில வழிகளைச் சொல்கிறேன்.

மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மூலை பெரும்பாலும் கிடைக்கும். வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிஜியில் இருப்பவர்கள் அறைத்தோழர் எழுவதற்கு முன் கட்டிலிலேயே சுவரைப் பார்த்து உட்காரலாம்; இன்னதற்காக இந்த நேரத்தில் உட்காருகிறேன் என்று அவர்களிடம் நேராகவே சொல்லிவிட்டால், வேற்று மதத்தார்கூட மதித்து ஒதுங்குவார்கள். ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி போகிறவர்கள் கம்பெனி வண்டியிலோ மெட்ரோவிலோ செய்யலாமா என்று கேட்பார்கள். ஜெபிக்கலாம், தாராளமாக. ஆனால் இந்தப் பழக்கத்தை அங்கே தொடங்க வேண்டாம். தொடக்கத்தில் உடம்புக்கு ஓர் இடம் பழகவேண்டியிருக்கிறது.

ஆலயங்களும் இருக்கின்றன. கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் நற்கருணை ஆராதனைக்கென்று சிற்றாலயம் உண்டு. கூட்டம் இல்லாத பகல் நேரத்தில் போய் உட்காரலாம். சிஎஸ்ஐ ஆலயங்களில் சில வார நாட்களில் பூட்டியிருக்கும், ஆலயத்தைத் திறந்து பராமரிக்கிற கோயில் பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: தொடக்கத்தில் ஐந்து நிமிஷம் போதும். இதைக் கேட்டதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அரைமணி நேரம் என்று வைராக்கியமாக ஆரம்பித்து நாலாம் நாள் நிறுத்துவதைவிட, ஐந்து நிமிஷத்தை ஒரு மாதம் விடாமல் செய்வது நல்லது. அப்புறம் தானாக நீளும். காலைதான் என்று கட்டாயமில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குக் காலை ஏழு மணிதான் ராத்திரி. அவர் எழுந்தபின் செய்யட்டும்.

போனை அடுத்த அறையில் வையுங்கள். அடுத்த அறை இல்லையென்றால் அணைத்துப் பைக்குள் போடுங்கள். வேதாகமத்தைப் போனில் படிக்கிறவர்கள் இந்த ஐந்து நிமிஷத்துக்காவது அச்சடித்த வேதாகமத்தை எடுங்கள். நேரம் பார்க்க ஒரு சின்னக் கடிகாரம் போதும்.

மூன்றாம் படி: உடம்பு

நான் சொல்வதில் அதிகம் பயன்படுகிறது என்று பலரும் சொன்ன படி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேரே போய்ப் பொத்தென்று உட்கார்ந்து கண்ணை மூடாதீர்கள். பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் ஓர் எளிய ஆலோசனை கொடுத்திருக்கிறார். ஜெபிக்கப்போகிற இடத்துக்கு ஒன்றிரண்டு அடி முன்னால் நின்றுவிட வேண்டும். ஒரு கர்த்தருடைய ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம், நம் ஆண்டவர் இப்போது என்னைப் பார்க்கிறார் என்று எண்ணி நிற்க வேண்டும். பிறகு ஒரு வணக்கம் செலுத்திவிட்டு உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான். மொட்டை மாடியிலும் இதைச் செய்யலாம், கட்டிலுக்குப் பக்கத்திலும் செய்யலாம். இந்தச் சின்ன நிறுத்தம் இல்லாத நாளில் சமையலறை நினைவும் ஆபீஸ் நினைவும் நம்மோடு சேர்ந்தே உட்கார்ந்துவிடுகின்றன.

செருப்பைக் கழற்றுங்கள். தரையில் பாய் விரித்து உட்காருங்கள். இதெல்லாம் 'அவர்கள் பழக்கம்', அதாவது இந்துக்களின் வழக்கம், என்று தயங்குகிற கிறிஸ்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பெங்களூருவைச் சேர்ந்த ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1967-இல், தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கி நடத்தியவர் தமிழ்க் குரு, அருட்தந்தை டி. எஸ். அமலோர்பவதாஸ். 1969-இல் இந்தியத் திருவழிபாட்டுக்கென்று 12 மாற்றங்களை ரோம் அனுமதித்தது. தரையில் உட்காருவது, பாதரட்சை கழற்றுவது, ஒரு முழங்காலை மடக்குவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தாழ வணங்குவது, நெற்றி தரையில் படும் பஞ்சாங்க வணக்கம், ஆரத்தி ஆகியவை அதில் அடங்கும். அன்று இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. இன்றும் எல்லாப் பங்குகளிலும் இவை கிடையாது. என்னைக் கேட்டால், பாதரட்சையைக் கழற்றச் சொன்னது முட்செடியிலிருந்து பேசியவர். தரையில் முகங்குப்புற விழுந்தவர்கள் ஆபிரகாமும் யோசுவாவும். நம் பாட்டிமார் முக்காடு போட்டுப் பாயில் உட்கார்ந்து ஜெபித்ததில் வேதத்துக்குப் புறம்பானது எதுவுமில்லை.

மண்டியிட முடிந்தவர்கள் முதல் ஒரு நிமிஷம் மண்டியிடுங்கள், பிறகு உட்காருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதம் இரண்டையும் தரையில் பதித்து, கைகளை மடியில் திறந்து வைத்தால் போதும். வலியைத் தாங்கிக்கொண்டு உட்காருவது பக்தி ஆகாது, வலியைப் பற்றிய தியானமாகத்தான் முடியும்.

நான்காம் படி: நாக்கு

பிரசங்கி 5:2-ஐ நம் ஜெபக்கூட்டங்களில் அதிகம் கேட்பதில்லை: "தேவன் வானத்திலிருக்கிறார், நீ பூமியிலிருக்கிறாய், ஆதலால் உன் வார்த்தைகள் சுருக்கமாயிருப்பதாக." நீளமாக ஜெபிப்பவரே ஆவிக்குரியவர் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இயேசு சொன்ன உவமையில் ஆயக்காரன் ஒரே வரி ஜெபித்தான்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனவன் அவன்தான்.

செய்யவேண்டியது இது. விண்ணப்பங்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்துவிடுங்கள். மாமியாரின் ஆபரேஷன், தம்பியின் வேலை, வாடகை, எதுவானாலும். உட்காரும்போது அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்து, "இதெல்லாம் உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு, ஒரு சிறு வேதபகுதியை எடுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கிகோ இதை நாலு படியுள்ள ஏணியாகச் சொன்னார்: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், பிறகு தேவனையே நோக்கியிருத்தல். ஐந்து நிமிஷத்தில் நாலும் நடக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு மூன்று வசனம் வாசியுங்கள். எந்த வார்த்தை நிறுத்துகிறதோ அங்கே நில்லுங்கள். அதையே ஆண்டவரிடம் ஒரு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு பேச்சை விடுங்கள். சிறுவன் சாமுவேல் சொன்னது, "சொல்லும், அடியேன் கேட்கிறேன்." நாம் பெரும்பாலும், 'கேளும் ஆண்டவரே, அடியேன் சொல்கிறேன்' என்கிற கணக்கில்தான் ஜெபிக்கிறோம்.

சத்தம் கேட்குமா, தரிசனம் தெரியுமா என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். தேடிப்போகாதீர்கள். ஒரு வசனம் மனதில் தைப்பது, மறந்துபோன ஒரு கடமை நினைவுக்கு வருவது, யார்மேலோ இருந்த கோபம் வெட்கமாக மாறுவது, சாதாரணமாக அவர் பேசுவது இப்படித்தான். 'ஆண்டவர் சொன்னார்' என்று கல்யாணம், பணம், வீடு விற்பது போன்ற பெரிய முடிவு ஏதாவது தோன்றினால், வேதத்தோடும் முதிர்ந்த ஒருவரோடும் சரிபார்க்காமல் செயல்பட வேண்டாம்.

ஐந்தாம் படி: மனசு

இப்போது மனசு. அது ஓடும். நிச்சயம் ஓடும். வெளியே குக்கர் விசில், தண்ணீர் லாரி, ஐந்து மணிக்குப் பள்ளிவாசல் பாங்கு, கோயில் சுப்ரபாதம். இவற்றோடு சண்டை போடாதீர்கள். அக்கம்பக்கத்தார் எழுந்து தங்கள் நாளைத் தொடங்குகிறார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை ஆசீர்வாதம் கேட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். உள்ளே எழுகிற நினைவுகள்தான் அதிகத் தொல்லை. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் வருகிற பஸ்ஸில் எல்லாம் ஏறுவதில்லை. அதுபோல நினைவு வரட்டும், போகட்டும், நீங்கள் ஏற வேண்டாம். ஏறிவிட்டீர்கள் என்று தெரிந்த உடனே, உங்களைத் திட்டிக்கொள்ளாமல், ஒரு சிறு ஜெபத்தால் இறங்கிவிடுங்கள். கிழக்குத் திருச்சபைத் துறவிகள் பல நூற்றாண்டுகளாக, ஆயக்காரனின் அந்த ஒரு வரி ஜெபத்தோடு இயேசுவின் பெயரைச் சேர்த்து, மூச்சோடு மூச்சாகச் சொல்லிவருகிறார்கள். உங்களுக்கு 'ஆண்டவரே' என்ற ஒரு சொல்லே போதும் என்றால் அதுவும் சரி.

தூக்கம் வந்தால்? கெத்செமனேயில் சீஷர்களே தூங்கினார்கள். எழுந்து நின்று ஜெபியுங்கள், முகம் கழுவுங்கள். ஆனால் நாள்தோறும் தூக்கம் வருகிறது என்றால் உங்கள் உடம்புக்கு ஓய்வு போதவில்லை என்று பொருள். எலியாவின் கதையில் எல்லோரும் ஓரேப் மலையின் "அமர்ந்த மெல்லிய சத்தம்" வரைக்கும் நேராகப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவனைத் தூதன் எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு குப்பித் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறான். தூதன் இரண்டாம் முறை எழுப்பி மறுபடி சாப்பிடவைக்கிறான். அதன் பிறகுதான் நாற்பது நாள் நடை, அதன் பிறகுதான் கெபி (குகை), காற்று, நிலநடுக்கம், நெருப்பு, மெல்லிய சத்தம். வாரத்துக்கு ஆறு நாள் சில்க் போர்டு டிராஃபிக்கில் கிடந்து வீட்டுக்கு வருகிறவரிடம் நாலு மணிக்கு எழுந்து ஜெபி என்று சொல்வதற்கு முன், ஊழியக்காரர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

இன்னொன்று, இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அமைதியாக உட்காரும்போது அடக்கிவைத்த துக்கம் மேலே வரலாம். இறந்தவர்களின் நினைவு, பழைய காயம், அழுகை. அழலாம், சங்கீதக்காரன் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தேவன் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறான். ஆனால் தூக்கமே போய்விட்டது, வாழப் பிடிக்கவில்லை என்ற அளவுக்கு வந்தால் தனியாக உட்காருவதை நிறுத்திவிட்டு உடனே ஒருவரிடம் பேசுங்கள்: ஆயர், பங்குத்தந்தை, நம்பிக்கையான அக்கா. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே போவதற்கும் விசுவாசக் குறைவுக்கும் சம்பந்தமில்லை.

ஆறாம் படி: ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில்

வீட்டில் பழகியதைச் சபைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆராதனை தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போய்ச் சேருங்கள். கத்தோலிக்கத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, 45-ஆம் எண்ணில், எங்கெங்கே மௌனம் வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது: பாவத்துயர்ச் செயலின்போது, 'மன்றாடுவோமாக' என்ற அழைப்புக்குப் பின், வாசகத்துக்கும் மறையுரைக்கும் பின், நற்கருணை வாங்கிய பின். திருப்பலிக்கு முன்பே ஆலயத்திலும் திருப்பொருள் அறையிலும் மௌனம் காப்பது நல்லது என்றும் அது சொல்கிறது. நடைமுறையில் அந்த இடைவெளிகளை எல்லாம் கீபோர்டு நிரப்பிவிடுகிறது. பாடகர் குழுவில் இருக்கிறவர்கள் மனது வைத்தால் அடுத்த ஞாயிறே இது மாறும். எங்கள் பக்கத்தில் பாவ அறிக்கைக்கு முன்னால் ஆயர் ஒரு நிமிஷம் மௌனம் என்று விட்டாலும், இரண்டாவது இருமலிலேயே ஆரம்பித்துவிடுகிறார். சபைக்குழுவில் இருப்பவர்கள் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்; பெரும்பாலான ஆயர்கள் சந்தோஷப்படுவார்கள்.

பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்க வேண்டாம். 'சாமி அடிக்கும்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அம்மா மண்டியிடுவதைப் பார்க்கிற பிள்ளை தானாக ஒருநாள் பக்கத்தில் மண்டியிடும்.

அப்படியானால் கைதட்டிச் சத்தமாகப் பாடுகிற சபைகள் தப்பா? இல்லை. 2 சாமுவேல் 6-இல் தாவீது கர்த்தருக்கு முன்பாக முழுப் பலத்தோடும் நடனம் பண்ணுகிறான். அதே அதிகாரத்தில் ஊசா உடன்படிக்கைப் பெட்டியைத் தொட்டுச் சாகிறான், தாவீது பயந்துபோகிறான். பயந்தவனேதான் ஆடினான். பெந்தெகொஸ்தே சபைகளில் நடக்கிற காத்திருப்புக் கூட்டங்களுக்கு நான் போயிருக்கிறேன். பாட்டு ஓய்ந்த பின் அந்த மக்கள் அசையாமல் இருக்கிற அமைதி பல பழைய ஆலயங்களில் இல்லை.

ஏழாம் படி: எழுந்திருப்பது

நேரம் முடிந்ததும் சட்டென்று எழுந்து போனை எடுக்காதீர்கள். கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்லி, ஒரு வணக்கம் செலுத்திவிட்டு எழுந்திருங்கள். ஒன்றுமே நடக்காததுபோல இருந்த நாளிலும் இதே முறைதான். அப்படிப்பட்ட நாட்கள் நிறைய வரும். அவற்றை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிறகு, உட்கார்ந்திருந்தபோது யாருடைய முகம் திரும்பத் திரும்ப வந்தது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். மெல்லிய சத்தத்தைக் கேட்ட எலியாவைத் தேவன் கெபியிலேயே வைத்துக்கொள்ளவில்லை. "நீ திரும்பிப் போ" என்று செய்யவேண்டிய வேலைகளைப் பெயர் பெயராகச் சொல்லி அனுப்பினார். காணிக்கை செலுத்த வந்தவன் சகோதரன் மனஸ்தாபமாக இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று இயேசு சொன்னார். ஊரில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற அண்ணன், கடன் திருப்பித் தராததால் ஒதுக்கிவைத்த சிநேகிதி, நேற்று நீங்கள் கத்திவிட்ட வீட்டு வேலைக்கார அம்மா, யாராக இருந்தாலும் பெயரை நோட்டில் எழுதுங்கள். அன்றைக்கே, முடிந்தால் காலை டிபனுக்கு முன், அவர்களுக்கு ஒரு போன் செய்யுங்கள்.